சகானாவும் திறமூல ஆட்சியும்

திறமூல மென்பொருளுக்கு உடையவர் இலர். ஆதலின் ஆள்வோரும் இலர் என்பர் சிலர். அக்கூற்றை நம் நாட்டிற் பிறந்த ‘சகானா’வைக் கொண்டு ஆராய்தல் தகும்.

2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோளையடுத்து, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிந்து வைத்தற்கு இலங்கைத் தன்னார்வலர் இதனை ஆக்கினர். இதன் மூலநிரலை எவரும் எடுத்துத் திருத்தலாம். எனினும், அத்திருத்தம் பொதுப் பதிப்பிற் சேருமா என்பதை முடிவு செய்வோர் ஒரு சிலரே. குண்டசாலைக்கு அணித்தாகிய பொல்கொல்லையில் மகாவலி நீர் நாட்டார் அனைவர்க்கும் உரியது. மதகு திறப்போரோ சிலர்.

ஆயின் ஆற்றுக்கு இல்லாத ஒன்று நிரலுக்கு உண்டு. பிணங்கிப் பிரிவோர் முழுவதையும் படியெடுத்துச் செல்லினும் எஞ்சியோர்க்கு ஒரு துளியும் குறையாது. ஆள்வோரை அடக்கி வைப்பது இவ்வுரிமையே. சகானாவும் பின்னர், பிஎச்பி மொழியில் ‘அகஸ்தி’, பைத்தான் மொழியில் ‘ஈடன்’ என இரு கிளையாயிற்று. பிணக்கின்றியே, 2009இல் அமெரிக்காவில் நிறுவப்பெற்ற சகானா அறக்கட்டளை இரண்டையும் தன்கீழ்க் கொண்டது.

இவ்வமைப்பைக் குறையற்ற குடியாட்சி என்பாரோடு யாம் உடன்படேம். பிரிந்து செல்லும் உரிமை நிரலெழுத வல்லார்க்கே பயன்படும். முகாமில் மழைக்கு ஒதுங்கியிருந்து பெயர் பதியும் எழுதுவினைஞர்க்கு அது வெறும் ஏட்டுரிமை. படிவத்தில் ஒரு கட்டம் குறைந்தால், அவர் பிறர் தயவையே நோக்கியிருத்தல் வேண்டும்.