களிறும் காலாளும்: அறிவியல் புனைவுப் போர் விளையாட்டில் இடனறிதல்

தில்லி ஆர்.கே.புரத்தில் தில்லித் தமிழ்ச் சங்கத்தை ஒட்டி வள்ளுவர் சிலை நிற்கிறது. நாட்டின் படைத் தலைமையகங்கள் அமைந்த நகரில் நிற்கும் அவரை, இடனறிதல் என்னும் 50ஆம் அதிகாரத்தின் ஆசிரியராகக் காண்பது பொருத்தமுடையது. வேல்வீரரைக் கொம்பில் கோத்த அஞ்சாக் களிறும் கால் ஆழும் சேற்றில் நரிக்கு இரையாகும் என்கிறது 500ஆம் குறள். தேர் கடலில் ஓடாது, நாவாய் நிலத்தில் ஓடாது என்கிறது 496ஆம் குறள். வலிமை ஒரு படைக்கலத்தின் தனிப்பண்பன்று, நிலத்தோடு அது கொள்ளும் உறவு என்பதே இவ்விரு குறள்களின் அடிக்கருத்தாகும். ஆற்றல்கவசம் பூண்ட காலாள் வெல்வானா, கவச ஊர்தி வெல்லுமா என அறிவியல் புனைவிலும் அதன்வழிப் பிறந்த போர் விளையாட்டுகளிலும் நெடுநாளாக நடக்கும் வழக்கை இக்கருத்தின் துணைகொண்டு ஆராயலாம்.

இவ்வழக்கிற்கு இலக்கிய வடிவம் தந்தவர்களுள் இராபர்ட் ஹைன்லைன் முதன்மையானவர். 1959இல் வெளிவந்த அவரது ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ நாவலில், கவசம் வீரனின் உடலசைவை உணர்ந்து பன்மடங்காக்குகிறது; அவன் கட்டடங்களைத் தாவிக் கடக்கிறான். அத்தகைய ஒருவனே டாங்கி அணியொன்றை வீழ்த்திவிடுவான், அவனுக்கெதிராக டாங்கியை அனுப்புவதே பேதைமை என்பது கதைசொல்லியின் துணிபு. இத்துணிபு ஏற்கத்தக்கதன்று. சேறும் மேடும் தடுக்காத வீரனுக்கு எதிரே டாங்கியை நிறுத்தினால் முடிவு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. அங்கே நடப்பது போரன்று, புகழ்ச்சி.

ஸ்டீவ் ஜாக்சன் வடிவமைத்து 1977இல் வெளிவந்த ‘ஓகர்’ என்னும் அட்டை விளையாட்டு இவ்வழக்கை நேர்மையாக நடத்துகிறது. ஒரு பக்கம் தானே சிந்திக்கும் மாபெரும் டாங்கி ஒன்று மட்டுமே. மறுபக்கம் தலைமை நிலையம் ஒன்றைக் காக்கும் 20 அலகு காலாட்படையும் 12 கவச ஊர்திகளும். காலாட்கள் ஆற்றல்கவசம் பூண்டவர்களே. எனினும் ஹைன்லைனின் வீரனைப் போல் அவர்கள் தனித்து வெல்வதில்லை. ஒரு நகர்வில் இரண்டு அறுகோணக் கட்டங்களே கடப்பர். அடுத்த கட்டம் வரை வந்தாலன்றிச் சுட இயலாது. டாங்கியின் சங்கிலித்தடம் 45 அலகு கொண்டது; ஒவ்வொரு 15 அலகு அழியும்போதும் அதன் வேகம் ஒரு படி குறையும். எனவே காப்போர் பீரங்கியை விடுத்துத் தடத்தையே குறிவைப்பதுண்டு. களிற்றைக் கொல்ல இயலாதவன் அதன் காலை முடக்குவது போன்றது இது. நிலப்படத்தில் இடிபாட்டு வரம்புகள் உள்ளன. அவற்றைக் காலாளும் அப்பெருடாங்கியும் கடக்கலாம். சிறு ஊர்திகள் கடக்க இயலாது. 1978இல் வந்த ‘ஜி.இ.வி.’ என்னும் தொடர்ச்சியில் காடும் ஊரும் காலாளின் காப்பு வலிமையைப் பெருக்குகின்றன; சதுப்பில் நுழையும் ஊர்தி சிக்கிக்கொள்ள நேரலாம். பகடையின் வாயிலாக நிகழும் இடனறிதல் என்றே இதனைக் கூறலாம்.

இதனைக் கண்டு வள்ளுவர் டாங்கிப் போரை முன்னறிந்தார் என முழங்குவது ஆய்வாகாது. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில் நீர் பாய்ச்சிய வயல்களில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் சிக்கி அழிந்தன. அந்நிகழ்ச்சியை 500ஆம் குறள் விளக்குகிறது, முன்னுரைக்கவில்லை.

ஒப்புமையினும் வேறுபாடே இங்கு ஆழமானது. தொல்காப்பியப் புறத்திணையியல் தும்பைத்திணையில் தானை, யானை, குதிரை என மூவகைப் படையின் நிலையையும் கூறுகிறது. தேர்மறத்தைப் புறப்பொருள் வெண்பாமாலை தனித்துறையாக்குகிறது. படைவகைகளைப் பகுத்து எண்ணும் இம்முறை விளையாட்டின் விதிநூலுக்கு அயலானதன்று. ஆனால் தொல்காப்பியர் அத்தோடு நிற்கவில்லை. களிற்றை எறிந்து எதிர்நின்றோரின் பெருமையையும் ஒரு துறையாக்குகிறார். யார் வென்றார் என்பது அங்கே வினாவாக எழவில்லை. படைச்செருக்கில் 774ஆம் குறளின் வீரன் கைவேலைக் களிற்றின்மேல் எறிந்துவிட்டு, அடுத்த வேல் தேடுங்கால், தன் மார்பில் தைத்திருக்கும் வேலைக் கண்டு பறித்து மகிழ்கிறான். அவன் உயிர் பிழைத்தானா என வள்ளுவர் கூறவில்லை. உரையாசிரியர்களும் அதனைப் பெரிதாகக் கருதவில்லை எனத் தோன்றுகிறது.

‘ஓகரில்’ டாங்கி தன்மீது ஏறி வரும்போது காலாட்படை ஓர் அலகு வலிமை இழக்கிறது. மூன்று என அச்சிட்ட அட்டை எடுக்கப்பட்டு இரண்டு என்னும் அட்டை அவ்விடத்தில் வைக்கப்படும். தடத்தை அழித்தவன் அவர்களில் எவன், எஞ்சியவன் எவன் என்பதற்கு விதிநூலில் இடமில்லை. ஆட்டம் முடிந்ததும் அட்டைகள் யாவும் பெட்டிக்குத் திரும்பி, மறுநாள் மூன்று என்னும் அதே எண்ணுடன் களமிறங்கும்.