அரசு மடிக்கணினியின் குணதோஷங்கள்

2011 செப்டம்பர் 15-ஆம் தேதி முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்த திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டு மாணவ மாணவியர்க்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகள் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவை. இத்தனை வீடுகளில் புகுந்த ஒரு யந்திரத்தைப் பற்றி நம்மவர் பேசியதெல்லாம், அதைக் கொடுத்தது தர்மமா தந்திரமா என்கிற தர்க்கமேயன்றி, பெட்டியைத் திறந்து, அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று நிதானமாகப் பார்த்தவர்கள் சொற்பம். குறைந்த விலையில் ஒரு மடிக்கணினி வாங்கலாமென்று கடைக்குப் போகிறவர்க்கும் இந்த விசாரணை பிரயோஜனப்படும். மலிவுக் கணினிகளின் பலமும் பலவீனமும் ஏறக்குறைய ஒரே ஜாதியைச் சேர்ந்தவை.

என் கைக்கு வந்தது திட்டத்தின் பிற்பகுதியில் வழங்கப்பட்ட ஒன்று. மதுரை காளவாசலில் எங்கள் மாடியில் குடியிருக்கும் தங்கையின் மகள் பிளஸ் டூவில் பெற்று, பி.காம். முடிக்கும்வரை வைத்து உபயோகித்தது. செய்த நிறுவனத்தின் பெயர் இங்கே அவசியமன்று. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் டெண்டரில் விதித்த லட்சணங்களுக்குள் பல நிறுவனங்கள் செய்து கொடுத்தவை இவை. 14 அங்குலத் திரை, 4 ஜிபி நினைவகம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், இரண்டு கோர் மட்டுமே கொண்ட ஒரு சாமானிய பிராசசர், விண்டோஸ் 10. அதன் பக்கத்திலேயே, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை ஆதாரமாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ்.

இதன் தலையாய தோஷம் மந்தகதி. "பவர் பட்டனை அமுக்கிட்டுப் போயி, காப்பி போட்டுக் குடிச்சிட்டே வந்துருவேன் மாமா" என்று அந்தப் பெண் சொன்னதில் மிகை அதிகமில்லை. பழியை எல்லோரும் பிராசசரின்மேல் போடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அது நிரபராதி. மடிக்கணினிகளில் வைக்கும் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 முறை, அதாவது விநாடிக்கு 90 முறை சுழல்கிறது. வேண்டிய தகவல் எழுதப்பட்ட இடம் வாசிக்கும் முனைக்கு நேராக வந்து சேர, முனை நகரும் நேரம் போக, ஒரு சுற்றுக்கான 11 மில்லிவிநாடி வரையில் காத்திருக்க நேரிடலாம்; கணினியைத் திறந்தவுடன் விண்டோஸ் கேட்கும் சின்னஞ்சிறு கோப்புகளோ ஆயிரக்கணக்கில். போதாக்குறைக்கு, 4 ஜிபி நினைவகம் உலாவியில் நாலைந்து பக்கங்களைத் திறந்ததும் நிரம்பி, மிச்சத்தை அந்தத் தட்டின்மீதே இறக்கி வைக்கத் தொடங்குவதால், ஒரு குறை மற்றொரு குறைக்குத் தோள் கொடுத்து, நல்ல பிராசசரையும் சோம்பேறி என்று பெயர் வாங்க வைக்கிறது.

ஆனால் இதே இடத்தில்தான் அதன் தலையாய குணமும் இருக்கிறது. அடிப்பலகையின் திருகுகளைக் கழற்றினால் டிஸ்க் கையோடு வருகிறது, நினைவகத்தையும் கூட்டிக்கொள்ளலாம். டவுன்ஹால் ரோட்டுக் கடையொன்றில், சில ஆயிரம் ரூபாய்ச் செலவில், சுழலும் தட்டே இல்லாத 2.5 அங்குல எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி நினைவகத்தை 8 ஜிபி ஆக்கியபின், அதே பிராசசரைக் கொண்டு, அரை நிமிஷத்துக்குள் வேலைக்குத் தயாராகி நிற்கிறது. மாணவர்க்கு 500 ஜிபி என்கிற பெரிய எண்ணைக் கொடுத்ததைவிட, 128 ஜிபி எஸ்எஸ்டி கொடுத்திருந்தால் அவர்கள் காலம் எவ்வளவோ மிச்சப்பட்டிருக்கும். கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் வழங்குவதென்று 2025-26 பட்ஜெட்டில் அறிவித்த திட்டத்துக்கு எல்காட் 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் கேட்டது, தாமதமானாலும் உசிதமான திருத்தம்.

திரை இன்னொரு விஷயம். 1366-க்கு 768 புள்ளிகள் ஆங்கில எழுத்துக்குப் போதும்; சுழியும் கொம்பும் விசிறியும் நிறைந்த தமிழ் எழுத்துக்குப் போதா. பாடநூலின் பிடிஎஃப் பக்கத்தை முழுதாகத் திரையில் நிறுத்தினால், 'ணை'யின் உட்சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. குறிலும் நெடிலும் ஒரு சின்ன வளைவால் மட்டும் வேறுபடும் 'பி', 'பீ' போன்றவற்றில் சந்தேகம் வந்துவிடுகிறது. மெய்யெழுத்தின்மேல் புள்ளி இருக்கிறதா என்பது சில வேளை ஊகத்தின்பாற்பட்டது. எழுத்தைப் பெருக்கிக்கொண்டால் தெளிவு வருகிறது, ஆனால் பக்கத்தை மேலும் கீழும் இழுத்துக்கொண்டே படிக்கவேண்டும். பக்கத்தில் ஒருவரை உட்கார்த்திக்கொண்டு சேர்ந்து பார்க்கவும் முடிவதில்லை; கோணம் சாய்ந்தால் வர்ணம் வெளிறுகிறது. புதிதாக வாங்குகிறவர் பிராசசரில் ஒரு படி இறங்கியாவது 1920-க்கு 1080 திரையை வாங்குவது விவேகம்.

ஒலிபெருக்கி ஈனஸ்வரம், தேனி ரோட்டிலிருந்து பைபாஸுக்குத் திரும்பும் பஸ்ஸின் ஹார்ன் எழுந்தால் இணைய வகுப்பின் ஆசிரியர் வாயசைப்பது மட்டுமே தெரியும். இயர்போன் அவசியம். விசைப்பலகை மாத்திரம் தாராளமாகப் புகழத்தக்கது: விசைகள் ஆழமாக இறங்கி எழுகின்றன, தமிழ்99 முறையில் நெடுநேரம் தட்டினாலும் விரல் நோவதில்லை. கனம் அதிகம்தான், உடம்பு கெட்டி. சித்திரை வெயிலில் மெத்தைமேல் வைத்து உபயோகித்தால் விசிறி அலறுகிறது. பைபாஸ் புழுதி படிந்த விசிறியை வருஷத்துக்கொரு முறையாவது சுத்தம் செய்யத்தான் வேண்டும்.

இனி, ஆயுள். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்டவர்க்கு, அந்நாளிலிருந்து மேலும் ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக அறிவித்தது. விண்டோஸ் 11 இந்தப் பிராசசரை அங்கீகரிப்பதில்லை. அதனால், இத்தனை காலம் திறந்து பார்ப்பாரின்றிக் கிடந்த பாஸ் லினக்ஸுக்கு இப்போது முறை வந்திருக்கிறது. உடன் வந்த பதிப்பு பழையது. சி-டாக்கின் தளத்தில் புதியது இலவசம். கட்டுரை எழுத, இணையம் பார்க்க, தமிழில் தட்டச்சு செய்ய எந்தக் குறையுமில்லை. வேர்டில் செய்த கோப்பைத் திறந்தால் அட்டவணைகள் சற்றே இடம் பெயர்கின்றன. பி.காம். படித்தவர்க்குத்தான் சங்கடம்: டாலி என்கிற கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். எங்கள் வீட்டுப் பெண் அதற்காக விண்டோஸை ஒரு மூலையில் வைத்துக்கொண்டு, அதில் இணையத்தைத் தொடுவதில்லை, மற்றதெல்லாம் லினக்ஸில்.

புதிதாக வாங்குகிறவர்க்கு இன்னொரு வார்த்தை: இன்றைய மெல்லிய மலிவுக் கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டு, பின்னால் கூட்டவே முடியாதபடி வருகிறது. கடைக்காரர் பளபளப்பைக் காட்டும்போது, "ராம் மாத்தலாமா, சால்டர் பண்ணினதா?" என்று கேளுங்கள், மாற்ற முடியாதென்றால் 8 ஜிபிக்குக் குறைந்ததை வாங்க வேண்டாம்.