மலைநாட்டுப் பாட்டும் பாடியவர் பெயரும்

சென்ற ஓராண்டில் நாம் புதிதாகக் கேட்ட இசை எது, அதிலே நெஞ்சில் நின்றது எது என்று கணக்கெடுக்கும் வழக்கம் நகரத்து இசைரசிகர்களிடம் உண்டு. மாத்தளை மாவட்டத்துப் பாடசாலை ஆசிரியன் ஒருவன் அப்படியொரு கணக்கு எழுதப் புகுந்தால் அதிலே கச்சேரிகளுக்கும் சபாக்களுக்கும் இடமிராது. நமது கணக்கில் இருப்பவை வேறு: பழைய புத்தகம் ஒன்று, மாசி மாதத்துக் கூத்து ஒன்று, நம்மினும் நம் மாணவர் நன்கறிந்திருந்த பாட்டு ஒன்று, ஒரு கிழவியின் ஒப்பாரி. இவற்றைக் 'கண்டுபிடிப்புக்கள்' என்று கூறவும் நா கூசுகிறது. பாட்டுக்கள் இம்மலைகளில் எப்பொழுதும் இருந்தவையே. கேட்கும் காது நமக்கு இல்லாதிருந்தது என்பதே உண்மை.

புத்தகம், சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்'. 1983இல் வெளிவந்தது, அடுத்த ஆண்டே சி.வி. மறைந்தார். மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவர். மறு ஆண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டம் தம் மக்களை நாடற்றவராக்கியதைக் கண்ணாற் கண்டவர். தேயிலைத் தோட்டத்தை அவர் ஆங்கிலத்திற் பாடியதையும், சக்தி பாலையா அதைத் தமிழாக்கியதையும் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தோம். ஆனால் இத்தொகுப்பை நாம் முழுவதும் வாசித்தது சென்ற ஆண்டிலேதான். தமிழ்ப் பட்டம் பெற்று, மலையகப் பிள்ளைகளுக்கே தமிழ் கற்பித்துப் பல ஆண்டு சென்றபின் இந்நூலைத் தொட்டோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

துயரத்தையே எதிர்பார்த்து நூலைத் திறந்தோம். துயரம் உண்டு. ஆனால் கேலியும் உண்டு. கங்காணியையும் துரையையும் எள்ளி நகையாடும் வாய், தாலாட்டுப் பாடும் வாயேதான் என்பதை அது காட்டுகிறது. மலையகத் தொழிலாளியை என்றும் கண்ணீர் வடிப்பவனாகவே தீட்டும் நமது சிறுகதையாசிரியர்கள் இதை ஒருமுறை படித்தால் நன்று.

மாத்தளையில் இருந்துகொண்டு இப்பாட்டுக்களை வாசிப்பதற்குத் தனிப்பொருள் உண்டு. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்தவர்கள் மன்னார்ப் பகுதியில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்குக் கால்நடையாகவே வந்து சேர்ந்தனர். காய்ச்சலுக்கும் பேதிக்கும் வழியில் மடிந்தவர் ஏராளம். 2023இல், முதல் தொழிலாளர் வந்து இருநூறாண்டு நிறைந்ததை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நினைவு நடைபயணம் முடிவுற்றதும் மாத்தளையிலேதான். கண்டிச் சீமைக்கு வந்த வழியைப் பற்றிய பாட்டு நமக்கு ஏட்டுச் செய்தியன்று. பாடசாலை வாசலால் ஓடும் தெருவைப் பற்றிய செய்தி.

சி.வி.யின் தொகுப்பு ஒரு கேள்வியையும் எழுப்பியது. நூலின் முகப்பில் இருப்பது தொகுத்தவர் பெயர். பாட்டைக் கட்டியவர் யார்? 'நாட்டார் பாடல் ஆசிரியர் பெயர் அறியப்படாதது' என்று நாமே ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி வருகிறோம். இலக்கணம் போல் ஒலிக்கும் இவ்வாக்கியத்தை முதன்முறையாக ஐயத்துடன் நோக்கினோம். அறியப்படாததா, கேட்கப்படாததா?

மலையகத்திலேயே பெயரோடு நின்ற பாட்டும் உண்டு. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டார். மக்கள் நாவிற் பழகிய மெட்டுக்களிலே சட்டத்தையும் சங்கத்தையும் ஏற்றிப் பாடியவை அவை. தூய நாட்டார் இசை, கலப்பு இசை என்று வேலி கட்டுவோர்க்கு இப்பாடல்கள் உவப்பாக இரா. நமக்கோ உவப்பானவை. கூலி பேசப்போகும் பாட்டு எந்த மெட்டில் வந்தால் என்ன? எனினும் அச்சேற வழியிருந்தவர் பெயர் நின்றது. கொழுந்துக் கூடையோடு நின்று கேட்டவள் திரும்பிப் போய்க் கட்டிய பாட்டு பெயரின்றிப் போயிற்று. இது மீனாட்சியம்மாளின் குற்றமன்று.

மாசியிற் கண்டது காமன் கூத்து. இறத்தோட்டைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றில் காமனை ஊன்றி, இரவு இரவாகக் கதை நடந்து, இறுதியிலே தகனம் நடைபெற்றது. தவத்தில் இருக்கும் சிவனை எழுப்பும்படி தேவர்கள் மன்மதனை ஏவுகிறார்கள். ஏவியவர்கள் தூரத்தில் நிற்க, ஏவப்பட்டவன் எரிந்து சாம்பலாகிறான். ரதி புலம்புகிறாள். புராணத்திற் படித்தபோது இதைக் காதற் கதை என்றே கொண்டிருந்தோம். லயத்து வாசலில், குளிரிலே குந்தியிருந்து கேட்டபோது அது பிறர் ஏவிய வேலைக்குப் போய் மடிந்தவன் கதையாகவும், அவன் பெண்சாதி நியாயம் கேட்கும் கதையாகவும் பட்டது. ஆடுவோர் மனத்தில் இப்பொருள் இருந்தது என்று நாம் வாதிடவில்லை. ஆனால் ரதியின் புலம்பல் தொடங்கியதும் பெண்கள் பக்கத்தில் எழுந்த விம்மல் வெறும் பக்தியால் வந்ததன்று.

அவ்விரவு முழுவதையும் தாங்கி நின்றது தப்பு. நெருப்பிலே காய்ச்சிக் காய்ச்சி அடித்தார்கள். ஆட்டத்துக்கு ஓர் அடி, அழுகைக்கு ஓர் அடி, தெய்வத்தை அழைக்க ஓர் அடி. ஒரு காலத்தில் விடியுமுன் ஆட்களைப் பிரட்டுக்கு எழுப்பியதும் இக்கருவிதான். சாவு வீட்டில் ஒலிப்பதும் இதுவே. தோட்டத்து வாழ்வின் நாளும் பொழுதும் இந்தத் தோலின்மேல் எழுதப்பட்டிருக்கின்றன எனலாம். கூத்து முடிந்ததும் ரதியாக ஆடியவருக்கு மாலை விழுந்தது. தப்படித்தவர்கள் ஒதுக்குப்புறத்தில் நின்று தேநீர் குடித்தார்கள். அவர்கள் யார் என்று நாம் வினவியபோது, பெயருக்குப் பதிலாகச் சாதியே விடையாக வந்தது. இதை விழுங்கிவிட்டு 'மக்கள் கலை வாழ்க' என்று முழங்கிப் போவது நமது முற்போக்கு மேடைகளுக்குப் பழகிப்போய்விட்டது. தமிழ்நாட்டில் பறையை மானத்தின் கருவியாக மீட்டெடுக்கப் பல்லாண்டு போராடியிருக்கிறார்கள். பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. விருது சாதியை ஒழித்துவிடப் போவதில்லை. ஆயினும் அடித்தவர் பெயர் ஓர் ஏட்டில் ஏறியது.

இனி, மாணவர் நமக்குக் கற்பித்த பாட்டு. 2021 மார்ச்சில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி'யை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கேட்டிருக்கிறார்கள். நாமும் பஸ் வண்டியிலும் கலியாண வீட்டிலும் காதில் வாங்கியிருந்தோம். ஆட்டப் பாட்டு என்று ஒதுக்கியிருந்தோம். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், "சேர், இது நம்ம தோட்டத்துப் பாட்டி கதைதானே" என்றான். அவன் சொன்னது சரி. பாடலை எழுதிப் பாடிய அரக்கோணத்து அறிவின் பாட்டி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே வேலைசெய்து, பின் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டதே, அந்தக் கணக்கின் ஓர் உயிர் அவர். தோட்டத்தை வளர்த்தவனுக்கே அதன் பயன் எட்டாத கொடுமையைப் பாட்டு கூறுகிறது. இடையிலே ஒப்பாரியின் இழுப்பு வந்து செவியைப் பிடிக்கிறது. பாட்டியின் பெயரையும் பாட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார் பேரர்.

இப்பாட்டுக்கு நேர்ந்ததோ விசித்திரமானது. சந்தோஷ் நாராயணன் இசையமைக்க, தீயும் அறிவும் சேர்ந்து பாடியது அது. அதன் புகழ் உச்சத்தில் இருந்தபோது ஓர் ஆங்கில இசைச் சஞ்சிகையின் அட்டையில் அறிவின் முகம் இல்லை, இயக்குநர் பா. இரஞ்சித் முதலானோர் கண்டித்தனர். 2022 ஜூலையில் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழா மேடையில் பாட்டு ஒலித்தது. அறிவு அங்கு இல்லை. அதன்பின் பாட்டு யாருடையது என்று வெளிப்படையாகவே வழக்காடினார்கள். தாமே கட்டி எழுதிப் பாடியதாக அறிவு கூறினார். கூட்டுப் படைப்பு என்று மற்றவர்கள் கூறினர். அவ்வழக்கிலே தீர்ப்புச் சொல்ல நாம் அமரவில்லை. இசையமைப்பாளர் உழைப்பும் உழைப்பே. தீயின் குரலின்றி அப்பாட்டு இல்லை. நமக்கு உறுத்தியது வேறு. பெயரற்றுப் போனவர்களைப் பற்றிய பாட்டிலேயே பெயர் பற்றிய சண்டை மூண்டது. அதிலும் முதலில் விடுபட்டவர் அந்த மக்களின் பேரப்பிள்ளையே. இது தற்செயல் என்று கூறுவோர் கூறுக. நமக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

நமது பாடசாலைப் போட்டி மேடைகள் மட்டும் என்ன வாழ்ந்தன? நாட்டார் பாடல் என்றதும் கண்டாங்கிச் சேலையும் காகிதக் கொழுந்துக் கூடையும் வந்துவிடுகின்றன. ஆர்மோனியம் சுருதி கூட்டுகிறது. கங்காணியை ஏசும் சொற்கள் 'பண்பாடு கருதி' நீக்கப்படுகின்றன. பரிசு பயிற்றுவித்த ஆசிரியருக்குப் போகிறது. அந்தப் பரிசுகளில் இரண்டு நமது அலுமாரியிலும் உண்டு.

ஆதலின் சென்ற ஆண்டு இரண்டாந் தவணையில் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தோம். வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒரு பாட்டைக் கேட்டு எழுதிவர வேண்டும். பாடியவர் பெயர், வயது, தோட்டம் மூன்றையும் மேலே குறிக்க வேண்டும். பெயர் இல்லாத பாட்டை ஏற்கமாட்டோம் என்று கண்டிப்பாகச் சொன்னோம். பழந்தமிழர் வழக்கையும் எடுத்துக் காட்டினோம். சங்கப் பாட்டு வாய்மொழி மரபில் வந்தது என்று பேராசிரியர் கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆய்விலே வாதிட்டார். அந்தப் பாட்டுக்களைத் தொகுத்தவர்கள் புலவன் பெயர் தெரியாத இடத்திலும் வெற்றிடம் விட்டுவிடவில்லை. பாட்டிலேயே உள்ள ஒரு தொடரை எடுத்துச் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார் என்று பெயர் சூட்டிவைத்தார்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட பாட்டுக்குக் கிடைத்த மரியாதை நம் ஆத்தாமாரின் பாட்டுக்கு ஏன் கிடைக்கலாகாது என்று கேட்டோம். பேச்சு நமக்கே திருப்தியாக இருந்தது.

மாணவி ஒருத்தி கைத்தொலைபேசியில் தன் அம்மாயியின் ஒப்பாரியைப் பதிவுசெய்து வந்தாள். பதினொரு நிமிடம். சென்ற ஆண்டில் நாம் கேட்டவற்றுள் இதற்கு ஈடான இசை வேறில்லை. எழுபதுகளின் நடுவிலே, தோட்டங்களைப் பட்டினி வாட்டிய காலத்தை ஒட்டி, அக்கிழவியின் தங்கை இந்தியாவுக்கு அனுப்பப்பட்டாள். திரும்பிச் செல்வோரைத் தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற ரயிலை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்தார்கள், எழுத்தாளர் மு. சிவலிங்கம் அப்பெயரிலேயே கதைத்தொகுதி தந்திருக்கிறார். அன்று காலை விடுப்புக் கேட்ட அக்காளைக் கணக்கப்பிள்ளை மலைக்கே விரட்டினார். நிறுவை முடித்து அவள் ஓடி வந்து சேர்ந்தபோது வண்டி புறப்பட்டுவிட்டது. கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு வளைவில் மறைவதை மட்டுமே கண்டாள். தங்கை கூடலூர்ப் பக்கத்தில் இறந்த செய்தி பல ஆண்டு கழித்துக் கடிதத்தில் வந்தது. சவத்தின் முன் பாடவேண்டிய ஒப்பாரியைச் சவமின்றியே இத்தனை காலமும் அவர் பாடி வருகிறார்.

இசை என்று சொல்லப் புகுந்தால் நான்கைந்து சுரங்களுக்குள் அடங்கிவிடும். அடியின் தொடக்கம் உயரத்தில் எழுந்து, சொல் முடியுமுன் மூச்சு முடிந்து, மிச்சம் பேச்சாக உதிர்கிறது. ஒவ்வொரு முறையும் விளக்கு மறையும் இடத்தில் மட்டும் குரல் இறங்காமல் அப்படியே நிற்கிறது. தேர்ந்த பாடகர் ஒருவர் அதைப் பயிற்சியால் அடையக்கூடும். கணக்கப்பிள்ளை வரும் இடத்தில் பெயர் சொல்லியே ஏசுகிறார். அங்கே தாளமே மாறுகிறது.

தாளின் மேல் பெயர் இல்லை. கேட்டோம். அம்மாயி வேண்டாம் என்று சொன்னதாகச் சொன்னாள். நாமே ஒரு சனிக்கிழமை லயத்துக்குப் போனோம். பெயரின் அருமையைப் பற்றி வகுப்பிற் சொன்னதையெல்லாம் அங்கும் சொன்னோம். கிழவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த மனுசன் பேரப் புள்ளைங்க இங்கதான் இருக்காங்க வாத்தியாரய்யா. எங்க பொடியன் அவங்க கடையிலதான் வேலைக்கு நிக்கிறான். பாட்ட வேணும்னா வச்சுக்குங்க. பேரு கீரு போட்டுறாதீங்க" என்றார்.

நமது வாதம் முழுவதும் அந்த வாசற்படியில் நின்றுவிட்டது. பெயரின்மை எப்பொழுதும் பிறர் செய்த களவு என்றே எண்ணியிருந்தோம். பாடியவரே போர்த்திக்கொண்ட போர்வையாகவும் அது இருக்கக்கூடும் என்பது நமக்குத் தோன்றவேயில்லை. சி.வி.யின் நூலில் கங்காணியை ஏசும் பாட்டுக்களை மீண்டும் புரட்டினோம். கட்டியவளின் பெயர் ஊருக்குத் தெரிந்திருந்தால் மறுநாள் அவளுக்கு வேலை இருந்திருக்குமா? அறிவுக்கு மறுக்கப்பட்ட பெயரும் இக்கிழவி மறைத்துக்கொண்ட பெயரும் ஒன்றல்ல. முன்னதற்காகப் போராட வேண்டும். பின்னதை அவரிடமே விட்டுவிட வேண்டும். கடையும் வேலையும் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் வரை இவ்விரண்டையும் வேறு பிரித்தறிவது எளிதன்று.

தாளை மாணவியிடம் திருப்பிக் கொடுத்தோம்; பெயரின்றியே வாங்கிக்கொள்வதாகவும் சொன்னோம். கணக்கப்பிள்ளையின் பெயர் வந்த இடத்தை அவள் மையால் அடித்திருந்தாள். மறுநாள் திரும்பி வந்த தாளில், பெயர் எழுத விட்ட கோட்டின் மேல் தன் கையெழுத்திலே 'செவத்தலாம்பார்' என்று எழுதியிருந்தாள்.