முகவரியே தலைப்பாக: ‘இந்தியன் ஓசன்’ குழுவின் ஓர் இசைத்தொகுதியும் கூட்டுப்படைப்பும்

ஒரு பாடலைப் பற்றிப் பேசும்பொழுது தமிழ்ச் சூழலில் எழும் முதல் வினா அதனை இயற்றியவர் யார் என்பதாகும். இரண்டாவது வினா பாடியவர் யார் என்பதாகும். அப்பாடல் எவ்விடத்தில், எத்தகைய உழைப்பின் சேர்க்கையால், எவ்வளவு காலத்தில் உருவாயிற்று என்னும் வினா அரிதாகவே எழுகின்றது. இத்தனைக்கும் ஆக்கச் செயன்முறையையே கலையின் ஒரு பகுதியாகக் கொண்ட மரபு ஈழத்தில் உண்டு. மட்டக்களப்புக் கூத்திலே சட்டங்கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என்று பயிற்சியின் ஒவ்வொரு படிநிலைக்கும் பெயரும் சடங்கும் உள்ளன. ஊரார் காண்பது ஓரிரவு ஆட்டத்தை மட்டுமன்று. அதற்கு முந்திய மாதங்களையும் அவர்கள் அறிவர். இத்தகைய மரபுக்கு உரியோர், இன்றைய இசைக்குழு ஒன்றின் இசைத்தொகுதியை அதன் ஆக்கத்திலிருந்து தொடங்கி மதிப்பிட முற்படுவது பொருத்தமுடையதே.

றொக் இசையைப் பொறுத்தவரை இவ்வணுகுமுறை தவிர்க்க முடியாததுமாகும். கருநாடக இசையில் ஒலிப்பதிவு என்பது பெரும்பாலும் கச்சேரியின் பிரதியேயாகும். றொக் இசையிலோ 1960களின் நடுப்பகுதியிலிருந்து ஒலிப்பதிவுக் கூடமே ஒரு வாத்தியமாக மாறிற்று. 1966ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி ஏறத்தாழ 5 மாதங்கள் உழைத்து, நான்கு தடங்களே கொண்ட பதிவுக் கருவியில் ஒலியின் மேல் ஒலியை அடுக்கி, பீற்றில்ஸ் குழுவினர் 1967இல் வெளியிட்ட ‘சார்ஜன்ற் பெப்பர்’ இசைத்தட்டு இதற்குத் தக்க சான்றாகும். மேடையில் அப்படியே நிகழ்த்த இயலாத ஒன்றை அவர்கள் படைத்தனர். அன்று முதல் ‘ஸ்ரூடியோ அல்பம்’ என்பது தனித்த கலைவடிவமாயிற்று. அதனைப் படைக்கும் குழுவின் உள்ளுறவுகள் அதன் ஒலியிலே பதிவாகின்றன என்பதும் விமரிசகருக்குப் புலனாகலாயிற்று.

இந்தியத் துணைக்கண்டத்தில் இவ்வுண்மையை விளக்குதற்கு மிகவும் ஏற்ற குழு, டில்லியில் 1990இல் தோன்றிய ‘இந்தியன் ஓசன்’ ஆகும். கிற்றார்க் கலைஞர் சுஸ்மித் சென், தப்லா வாசித்துப் பாடிய அசீம் சக்ரவர்த்தி ஆகிய இருவரும் இதனைத் தொடக்கினர். 1991இல் பேஸ் கிற்றார்க் கலைஞராகவும் பாடகராகவும் ராகுல் ராம் இணைந்தார். 1994இல் ட்றம் வாசிக்கும் அமித் கிலம் வந்து சேர்ந்தார். அதன்பின் 15 ஆண்டுகள் இந்நால்வரும் மாறாது நின்றனர். 1993இல் முதல் இசைத்தொகுதியும், 1997இல் மேடையிலேயே பதிவான ‘டெசேட் றெயின்’ தொகுதியும், 2000இல் பெரும் வரவேற்பைப் பெற்ற ‘கந்தீசா’வும், 2003இல் ‘ஜீனி’யும் வெளிவந்தன. கேரளத்துச் சிரியக் கிறித்தவரின் தொன்மையான வழிபாட்டுப் பாடலொன்று ‘கந்தீசா’வின் தலைப்புப் பாடலாயிற்று. நர்மதை அணை எதிர்ப்பியக்கத்தில் ராகுல் ராம் பணியாற்றிய காலத்தின் பேறாக நர்மதைக் கரை மக்களின் பாடலொன்றும் அத்தொகுதியில் இடம்பெற்றது. கபீரின் பாடல் ‘ஜீனி’க்குப் பெயரளித்தது. இக்குழுவினர் மேலைத்தேய இசையை இந்தியச் சாயம் பூசி விற்றவர்கள் அல்லர் என்பதற்கு இத்தேர்வுகளே சான்றாகும்.

இங்கு ஆராய்தற்குரியது, 2010இல் வெளிவந்த ‘16/330 கஜூர் றோட்’ என்னும் இசைத்தொகுதியாகும். தலைப்பு ஒரு வீட்டு இலக்கம், வேறெதுவுமில்லை. டில்லியின் கரோல் பாக் பகுதியிலுள்ள பழைய வீடொன்றின் முகவரி அது. அவ்வீட்டிலேயே குழுவினர் பல்லாண்டுகள் கூடி வாசித்தனர். அதே ஆண்டில் ஜெய்தீப் வர்மா இயக்கி வெளியிட்ட ‘லீவிங் ஹோம்’ என்னும் ஆவணப்படமும் இவ்வாழ்வைக் காட்டுகின்றது. காதலையோ கடவுளையோ கதாநாயகனையோ பெயராகக் கொள்ளாது, தாம் உழைத்த அறையைப் பெயராகக் கொண்டதனால் இக்குழுவினர் ஒரு கோட்பாட்டையே முன்வைத்தனர் எனலாம். பாடலின் ஆசிரியர் யார் என்னும் வினாவுக்கு அவர்கள் தந்த விடை அந்த முகவரியாகும்.

இவ்விடையின் பொருளை இசையினுள்ளேயே காணலாம். இக்குழுவில் இசையமைப்பாளர் என்று ஒருவர் மேலே நின்று மற்றையோருக்குப் பகுதி பிரித்துக் கொடுப்பதில்லை. ஒருவர் வாசிக்கும் சிறு சுரக்கோவையை மற்றவர் பற்றிக்கொள்ள, மூன்றாமவர் அதன் காலப்பிரமாணத்தை மாற்ற, நீண்ட பயிற்சியின் ஊடாகவே பாடல் உருப்பெறுகின்றது. சொற்கள் பெரும்பாலும் பின்னரே வந்து சேர்கின்றன. சுஸ்மித் சென்னின் கிற்றார் மேலைத்தேயக் கிற்றாரைப் போன்று சுருதிக் கொத்துக்களை அடித்துக்கொண்டு செல்வதில்லை. ஆதார சுருதியை ஒலிக்கவிட்டு அதன்மேல் ஒற்றை இழையாக நடக்கின்றது. றொக் இசைக்கு ட்றம் ஒன்றே போதுமானது. இங்கோ தப்லாவும் ட்றம்மும் அருகருகே இயங்குகின்றன. ஒன்று நிரப்பும் இடத்தில் மற்றொன்று விலகிநிற்றல் வேண்டும். இல்லையேல் இரைச்சலே எஞ்சும். இவ்வாறு விலகிநிற்கும் பக்குவம் எழுதிக்கொடுத்து வருவதன்று. ஒரே அறையில் ஆண்டுக்கணக்காக ஒருவர் மற்றவரைக் கேட்டதன் விளைவு அது. தவிற்சமாவில் இரு வித்துவான்கள் ஒருவருக்கொருவர் இடம்விட்டு வாசிப்பதைக் கோயில் வீதிகளிற் கேட்டுப் பழகிய யாழ்ப்பாணத்தவர்க்கு இது விளங்காத பொருளன்று.

இத்தொகுதி வெளிவருமுன் 2009 டிசம்பர் 25ஆம் நாள் அசீம் சக்ரவர்த்தி காலமானார். அவரது குரலும் தப்லாவும் அதற்கு முன்னரே பதிவாகியிருந்தன. ஆகவே இத்தொகுதி நால்வரின் இறுதிப் பதிவாயிற்று. மறைந்தவர் ஒருவரின் ஒலியை வெளியிடுவது எத்தகைய செயல் என்னும் வினா இங்கு எழுகின்றது. அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டுடன் ஒப்பிடுகையில் இது தெளிவாகும். 2023 ஒக்ரோபரில் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் ‘ஹக்னி டயமன்ட்ஸ்’ தொகுதியை வெளியிட்டனர். 2021இல் மறைந்த ட்றம் கலைஞர் சார்ளி வட்ஸின் வாசிப்பு அதன் இரு பாடல்களில் இடம்பெற்றது. 2023 நவம்பரில் பீற்றில்ஸ் குழுவின் பெயரால் ஒரு பாடல் வெளிவந்தது. 1980இல் கொல்லப்பட்ட ஜோன் லெனன் தமது வீட்டில் ஒலிநாடாவிற் பதிந்து வைத்த குரலை, கணினித் தொழில்நுட்பத்தாற் பியானோ ஒலியினின்றும் பிரித்தெடுத்து அப்பாடலை முடித்தனர்.

மூன்றும் ஒரே தன்மையனவல்ல. லெனனின் குரலைச் சூழ்ந்து பின்னர் அமைக்கப்பட்ட இசையை அவர் கேட்டதில்லை. அதற்கு மறுமொழி கூறவும் அவரால் இயலாது. வட்ஸ் தமது தோழர்களுடன் வாசித்தவரே. எனினும் தொகுதியின் ஏனைய பாடல்கள் அவரின்றியே முழுமைபெற்றன. அசீமோ பாடல்கள் பிறந்த அறையிலே இருந்தவர். அவரது தப்லா, நண்பரின் கிற்றாருக்குக் கூறிய மறுமொழி. அவரைக் கேட்டு மற்றவர் மாறினர். மற்றவரைக் கேட்டு அவர் மாறினார். எனவே இத்தொகுதியை இறந்தவருக்கு எழுப்பிய நினைவுச்சின்னமாகக் கொள்வதிலும், முற்றுப்பெற்ற ஓர் உரையாடலாகக் கொள்வதே தகும். அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1975இல் மறைந்தபின் பிறந்த தலைமுறையினர் அவரை ஒலிப்பதிவுகளின் வாயிலாகவே அறிவர். அப்பதிவுகளிலும் உயிர்ப்பளிப்பது அவரது விரலின் வேகம் மட்டுமன்று. நாதசுரத்தை அவர் எவ்வாறு கேட்டார் என்பதும் அங்கே பதிவாகியுள்ளது.

வெளியீட்டு முறையும் கருதத்தக்கது. இசைத்தட்டு நிறுவனத்தைச் சாராது, ஏழு பாடல்களையும் மாதம் ஒன்றாக இணையத்தின் வழியே இலவசமாக வழங்கினர். கலைஞருக்கும் கேட்போருக்கும் இடையில் நின்ற வணிகரை விலக்கிய இச்செயல் முற்போக்கானதென்று பாராட்டப்பட்டது. பாராட்டுக்குரியதே, ஆயின் அதன் பொருளாதார அடிப்படையையும் நோக்குதல் வேண்டும். இரு தசாப்தங்கள் மேடையில் ஈட்டிய பெயரும், தொடர்ந்து கிடைக்கும் கச்சேரி வருவாயும் உள்ள மூத்த குழுவுக்கே பதிவை இலவசமாகக் கொடுத்தல் இயலும். புதிதாகத் தொடங்கும் இளைஞர் குழுவொன்று அதே வழியைப் பின்பற்றின் அது கொடையாகாது. கூலியற்ற உழைப்பாகவே முடியும். இவ்வேறுபாட்டைக் காணாது ‘இணையம் கலைஞனை விடுவித்தது’ என்று முழங்குவது மேலோட்டமான கூற்றாகும்.

குறைகளும் இல்லாமலில்லை. மெல்லத் தொடங்கி, ஒரு சுரக்கோவையைத் திரும்பத் திரும்பச் சுழற்றி, இறுதியில் உச்சத்திற் கொண்டுபோய் நிறுத்தும் அமைப்பு இக்குழுவினருக்கு வழக்கமாகிவிட்டது. ‘கந்தீசா’வில் அவ்வேற்றம் கண்டடையப்பட்ட ஒன்றாக ஒலித்தது, இங்கோ சில இடங்களில் முன்கூட்டியே அறிந்த பாதையாக ஒலிக்கின்றது. நீண்டகாலம் ஒன்றாக இருப்போர்க்கு நேரும் இடர் இது: ஒருவர் அடுத்து என்ன செய்வார் என்று மற்றவர் அறிந்துவிட்டால், கேட்டல் குறைந்து பழக்கம் மேலோங்கும். பாடலின் சொற்களும் எப்பொழுதும் இசையின் தரத்தை எட்டுவதில்லை. சொல் பின்னால் வந்து சேரும் முறையின் விலை அது.

ஆயினும் அந்த அறை அளித்தது யாது என்பதை அதன்பின் வந்த தொகுதி உணர்த்துகின்றது. அசீமின் இடத்துக்குத் தப்லா வாசிக்கத் துகீன் சக்ரவர்த்தியும், பாடுவதற்கு ஹிமான்சு ஜோசியும் வந்தனர். ஒருவரது இடத்தை நிரப்ப இருவர் வேண்டியிருந்தது. 2013இல் சுஸ்மித் சென்னும் விலகினார். நிக்கில் ராவ் கிற்றாரை ஏற்க, 2014இல் ‘தந்தனு’ வெளிவந்தது. சங்கர் மகாதேவன், சுபா முத்கல், வயலின் கலைஞர் குமரேஷ், கஞ்சிராக் கலைஞர் செல்வகணேஷ் முதலியோர் அதிற் சேர்ந்திசைத்தனர். ஒவ்வொருவரும் தத்தம் துறையில் தேர்ந்தவர்; தனித்தனியே கேட்கையில் வியப்பூட்டுபவர். ஆனால் விருந்தினர் வருகையில் வீட்டார் பேசும் முறை மாறிவிடுகின்றது. வித்துவத்தன்மை மிகுந்த அளவுக்கு மௌனங்கள் குறைந்தன. 2023இல் ‘தூ ஹை’ தொகுதியையும் இக்குழுவினர் வெளியிட்டனர். தளராத அவர்களின் ஊக்கத்தை மறுப்பதற்கில்லை. எனினும் புதிய உறுப்பினருக்கும் ஒரே அறையில் நெடுங்காலம் தேவைப்படும் என்னும் பாடமே இங்கு கிடைக்கின்றது.

இவ்வாய்வு யாழ்ப்பாணத்துக்கு எவ்வகையிற் பொருந்தும்? 1970களில் இங்கு இசைக் கோஷ்டிகள் மலிந்திருந்தன. கண்ணன் கோஷ்டி போன்றவற்றின் திறமையைக் கோயில் வீதிகள் அறியும். ஆயினும் பெருமளவில் அவை வாசித்தவை தென்னிந்தியத் திரைப்படப் பாடல்களே. அதே காலத்தில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ.மனோகரன் போன்றோர் பைலாவின் துள்ளலோடு பேச்சுத் தமிழையும் நகைச்சுவையையும் சேர்த்துப் பொப்பிசை பாடினர். சொந்தப் பாடலுக்குரிய வித்து அங்கே இருந்தது. அது இசைக்குழுவாக, ஆண்டாண்டாக ஒன்றாகக் கூடி வாசிக்கும் கூட்டமாக வளர்ந்திலது. திறமையின்மை இதற்குக் காரணமென்று கூறவியலாது. கேட்போர் திரைப்பாடலை வேண்டினர் என்பது ஒரு காரணம். பின்னர் வந்த போர் மற்றொரு காரணம். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் வீடுகளைப் பூட்டி நடந்தபொழுது, ஒத்திகை பார்த்த திண்ணைகளும் அறைகளுங்கூடப் பின்னே நின்றுவிட்டன. முகவரி அடிக்கடி மாறுவோரிடமிருந்து, முகவரியைத் தலைப்பாகக் கொண்ட இசைத்தொகுதியை எதிர்பார்ப்பது எளிதன்று.

இன்று யாழ்ப்பாணத்தில் கணினியும் ஒலிவாங்கியும் வைத்துத் தனித்தனியே பாடல் செய்து காணொளியாக வெளியிடும் இளைஞர் பலர் உளர். தாளத்தை ஒருவர் அனுப்ப, குரலை இன்னொருவர் பிற நாட்டிலிருந்து இணைக்கின்றார். இம்முறையாலும் நல்ல பாடல் பிறக்கலாம். ஆயின் ஒருவர் வாசிப்பைக் கேட்டு மற்றவர் அக்கணமே தம்மை மாற்றிக்கொள்ளும் கலை இம்முறையால் வருவதன்று. கருவிகளை வாங்குதற்குப் பணம் சேர்க்கும் இசைக்குழுக்களும், விழாக்களுக்கு அயலிலிருந்து பாடகரை அழைக்கும் சங்கங்களும், பாடசாலைகளும் கருதவேண்டியது ஒன்றுண்டு: மாலை வேளைகளிற் பூட்டிக்கிடக்கும் மண்டபங்களில் ஒன்றை, நான்கு பேர் ஐந்து ஆண்டுகள் இடையறாது கூடி வாசிப்பதற்குத் திறந்துவிட இயலுமா என்பதே அது. அவ்வாறு திறக்கப்படும் அறைக்கும் ஒரு முகவரி இருக்கும்.