மலைபடுகடாத்தில் கல்லும் நிலமும்: புவிப்புறவியல் வாசிப்பின் எல்லைகள்

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டம் கலசப்பாக்கத்தை அடுத்துள்ள பர்வதமலையே மலைபடுகடாம் கூறும் நவிரமலை என்பர் ஆய்வாளர் பலர். செங்கண்மா இன்றைய செங்கம் எனவும் சேயாறு இன்றைய செய்யாறு எனவும் கொள்ளப்படுகின்றன. பெருங்கௌசிகனார் நன்னன் சேய் நன்னனைப் பாடிய இந்த 583 அடிப் பாட்டு, கூத்தரை ஆற்றுப்படுத்துகையில் மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறது. அவ்விடர்களைத் தொகுத்து, பாறைச் சிதைவையும் நிலச்சரிவையும் சங்கப் புலவர் அறிவியலாகவே அறிந்திருந்தனர் என நிறுவ முற்படுவது எளிது. அம்முடிவுக்குப் பாட்டு எந்த அளவுக்கு இடந்தருகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்லை இயக்குவது எது?

பாறையும் மண்ணும் புவியீர்ப்பால் சரிவில் கீழிறங்குவதைப் புவிப்புறவியல் பொருண்மை நகர்வு என்கிறது. பாட்டில் வழிப்போக்கரை அச்சுறுத்தும் கற்களோ அவ்வகையின அல்ல. ஒன்று, தினைப்புனம் காப்போர் கவணிலிருந்து எறியும் கல். மூங்கிலில் பட்டுத் தாவி, குரங்குகள் குட்டிகளோடு சிதறியோட, கூற்றம்போல் அது வருகிறது. மரத்தின் மறைவில் ஒதுங்கிக் கடக்குமாறு கூத்தர் அறிவுறுத்தப்படுகின்றனர். மற்றொன்று, பன்றியை வீழ்த்த வழிகளில் மாட்டிய பெருங்கல் பொறி. அதனால் விடிந்தபின் செல்வதே நலம் என்கிறது பாட்டு. இவ்விரண்டு கற்களையும் இயக்குவது மனிதச் செயல். மலை தானே உதிர்த்தவை அல்ல. கல் வந்து விழுகிறது என்பதை மட்டும் கொண்டு நிலச்சரிவைக் காண்பது, பாட்டு சொல்லாததை அதன்மேல் ஏற்றுவதாகும்.

உடைந்த நிலமும் வழுக்கும் பாறையும்

ஆயினும் புவிப்புறவியல் நோக்குக்குப் பாட்டில் இடமில்லை என்று கூறவும் இயலாது. முரம்பு நிலம் உடைந்து, பரல் நிறைந்த பள்ளங்களிலும் பிளவுகளிலும் பாம்பு ஒடுங்கியிருக்கும் என்னும் எச்சரிக்கை கருதத்தக்கது. கடினப் படிகப் பாறையின் விரிசல்களில் நீர் புகுந்து, ஃபெல்ஸ்பார் களிமண்ணாகி, குவார்ட்ஸ் மணல் எஞ்சுவதே இத்தகைய நிலம் உருவாகும் பொதுவான முறை. பாட்டு இம்முறையை விளக்கவில்லை. அதன் விளைவாகிய நிலத்தோற்றத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது.

நுண்ணிய பாசி மூடிய இடங்களில் கால் தளரும் என்பதும், சிறுமூங்கிலையும் எருவைக் கோலையும் பற்றிக் கடக்க வேண்டும் என்பதும் இதே வகை அறிவு. இன்று பர்வதமலையின் செங்குத்துப் பாறையில் ஏறும் பக்தர்கள் இரும்புச் சங்கிலியையும் பாறையில் அறைந்த கடப்பாறைகளையும் பற்றிச் செல்கின்றனர். பற்றுகோல் மாறியுள்ளது, தேவை மாறவில்லை. பாட்டின் அறிவு நடப்பவரின் காலடி அறிவு என்பதற்கு இதுவே சான்று.

இரண்டையும் வேறுபடுத்துவது ஏன் இன்றியமையாதது? 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில், இதே மாவட்டத்தின் திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏற்பட்டுப் பாறையும் மண்ணும் அடிவார வீடுகளின்மேல் சரிந்தன. 7 பேர் உயிரிழந்தனர். மண்ணில் நீர் நிறைந்து அதன் பிடிப்பு குன்றுவதும், சிதைவில் எஞ்சிய உருண்டைப் பாறைகள் தாங்குதளம் இழப்பதும் அத்தகைய சரிவுகளுக்குக் காரணமாகும். இதனைக் கணிக்க மழையளவும் சரிவுக் கோணமும் மண் ஆழமும் வேண்டும். முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர் என்னும் பெருமிதம் அந்த அளவீடுகளுக்கு ஈடாகாது.

கலைச்சொல்லின் பொறுப்பு

சொல் ஒப்புமையைக் கருத்து ஒப்புமையாகக் கொள்ளும் இப்பிழை கலைச்சொல்லாக்கத்திலும் நேர்கிறது. சிதைவு பாறை இருந்த இடத்திலேயே நிகழ்வது. அரிப்பு பொருளைப் பெயர்த்துக் கொண்டுசெல்வது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் மாணவர் செயல்முறையைத் தவறவிடுவர். பனி என்னும் தமிழ்ச்சொல் திவலை, மூடுபனி, உறைபனி அனைத்தையும் தழுவும். எனவே பெர்மாஃப்ராஸ்ட் என்பதை 'நிரந்தரப் பனி' எனப் பெயர்ப்பது பொருந்தாது. குறைந்தது 2 ஆண்டுகள் தொடர்ந்து 0 டிகிரி செல்சியசிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலமே அது. அதில் பனிக்கட்டி இருந்தாக வேண்டும் என்பதில்லை. 'நிலையுறை நிலம்' போன்ற சொல் வரையறைக்கு நெருங்கியது. மாறாக, முரம்பு, பரல், அவல், விடர் முதலிய சொற்கள் தமிழ்நாட்டு நிலத்திலிருந்தே எழுந்தவை. சிதைவு நிலத்தோற்றங்களை விளக்கப் பாடநூல்கள் அவற்றைத் தயங்காது ஏற்கலாம்.

முடிவுரை

மலைபடுகடாம் மலை இயங்கும் முறையை விளக்கும் நூல் அன்று. மலையில் இயங்குவோருக்கு வழிகாட்டும் நூல். கவண்கல்லை நிலச்சரிவாக்காமல், உடைந்த முரம்பையும் பாசிப் பாறையையும் உரிய இடத்தில் வைத்துப் படிக்கும்போது, இலக்கியம் புவியியலுக்குச் சொல்வளத்தையும் களநோக்கையும் வழங்கும்; காரண விளக்கத்தைக் களஆய்வே வழங்க வேண்டும்.