மதிலோடு நின்றுவிடும் மருந்து

2018 மார்ச் முதல் வாரத்தில் இலங்கையின் கண்டி மாவட்டத்தில் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. 6 ஆம் திகதி நாடெங்கும் அவசரகால நிலை, கண்டியில் ஊரடங்கு, பாடசாலைகளுக்குப் பூட்டு. வாப்பாமார் இரவிரவாய்க் கண்விழித்துக் காவலிருந்ததைப் பார்த்த பிள்ளைகள்தான் பிறகு அருகிலுள்ள மடவளை வகுப்பறைகளுக்குத் திரும்பினார்கள். ஓராண்டு கழிந்து உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல். 2019 மே மாதம் பாடசாலைகள் திறந்தபோது வாசலில் புத்தகப்பைகளுக்குச் சோதனை.

இப்படியான பாடசாலைகளுக்கு இன்று பரிந்துரைக்கப்படுவது 'மனவடுவை அறிந்து நடத்தல்' என்ற அணுகுமுறை. அதன் அடிப்படையில் எனக்கு முழு உடன்பாடு. பின்வரிசையில் யாரோ வாங்கைத் தள்ள, அந்தச் சத்தத்துக்கே எழும்பிக் கதவைப் பார்க்கிறான் ஒரு பையன். முன்பென்றால் காதைத் திருகி உட்கார வைத்திருப்போம். இப்போது டீச்சர் பக்கத்தில் போய் நிற்கிறார். பாடம் கொஞ்சம் பிந்தித் தொடர்கிறது. இந்த ஒரு மாற்றத்துக்காகவே பயிற்சி தேவை.

ஆனால் ஆதாரம் மெலிந்தது. பாடசாலைகளில் இந்த அணுகுமுறையின் பலனைத் தேடி 2019 இல் வெளியான ஒரு முறையான மீளாய்வுக்கு, அதன் தகுதிகளுக்குப் பொருந்திய ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நம் நாட்டிலேயே, போர் கண்ட வடக்கில் 399 மாணவர்களிடம் 15 அமர்வுகள் கொண்ட வகுப்பறைத் திட்டமொன்று சோதிக்கப்பட்டு, 2012 இல் முடிவு வெளியானது. ஆண்பிள்ளைகளுக்குச் சில நன்மைகள் தெரிந்தன. பெண்பிள்ளைகளிலோ, திட்டத்தில் சேராமல் காத்திருந்தவர்களே மனவடு அறிகுறிகளிலிருந்து கூடுதலாக மீண்டிருந்தார்கள். போரின் நெருக்கடி அன்றாடம் தொடராத பிள்ளைகளுக்கே பயன் அதிகம் என்பதும் தெரிந்தது. அந்தக் கடைசி முடிவு என்னை உறுத்துகிறது. அச்சம் ஓயாத ஊரில் மூச்சுப்பயிற்சி எவ்வளவு தூரம் போகும்?

இந்த அணுகுமுறையின் பெரிய குறை வேறொன்று. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல காலமாகக் கூட்டு மனவடு பற்றி எழுதிவருகிறார்: போர் தனியாளை மட்டும் காயப்படுத்துவதில்லை, சமூகத்தின் உறவுகளையும் நம்பிக்கையையும் சேர்த்தே அறுக்கிறது. கண்டியில் அறுந்தது முஸ்லிம், சிங்கள அயலவர்களுக்கு இடையிலான நம்பிக்கை. நம் பாடசாலைகளோ மொழியாலும் மதத்தாலும் பிரிந்து கிடக்கின்றன. கடை எரிந்தவரின் மகள் ஒரு பாடசாலையில். எரிவதைத் தெருவில் நின்று பார்த்த சிங்களச் சிறுவன் இன்னொன்றில். அவனுக்கும் அந்த இரவு நினைவிருக்கும். அதைச் சொல்ல ஆளும் இல்லை, இடமும் இல்லை. உளவளத்துணை ஒரு மதிலுக்குள் மட்டும் நடந்தால், அந்த மகள் வெளியே வந்து பஸ்ஸில் ஏறும்போது பழைய பயம் அப்படியே இருக்கும்.

அதிபர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பயிற்சிப் பட்டறை உங்கள் மண்டபத்தில் நடக்கும்போது, பக்கத்துச் சிங்களப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் சேர்த்துக் கதிரை போடுங்கள்.