கறுப்பு எங்கே போச்சு?

‘நெஞ்சம் மறப்பதில்லை’யை நீங்கள் எதில் பார்த்தீர்கள்? தியேட்டரில் என்றால் உங்கள் வயதைக் கேட்கமாட்டேன். நான் பல வருஷம் தி.நகரில் வாங்கிய விசிடியில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சமீபத்தில் மயிலாப்பூர் நண்பர் வீட்டில் டிவிடியில் பார்த்தோம். ப்ளஸ் டூ படிக்கும் அவர் பேத்தி, பத்தாவது நிமிஷத்தில், “தாத்தா, பேய்ப் படம் மாதிரி இருக்கும்னு சொன்னீங்க. எல்லாம் பளிச்சுனு தெரியுதே?” என்றாள்.

சரியான விமரிசனம்.

1963-ல் ஸ்ரீதர் எடுத்த முன்ஜென்மக் கதை. கல்யாண்குமார், தேவிகா, தொண்டு கிழமாக நம்பியார், பாழடைந்த மாளிகை. ஒளிப்பதிவு ஏ.வின்சென்ட். மறு வருஷமே மலையாளத்தில் பஷீர் கதையை ‘பார்கவி நிலையம்’ என்று டைரக்ட் செய்து, அங்கே பேய்ப் படத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர். தூணுக்குப் பின்னால் ஒரு கறுப்பு, அதற்குள் இன்னொரு கறுப்பு என்று இருட்டிலேயே தினுசு தினுசாக வைக்கத் தெரிந்த மனுஷர்.

வீட்டுக்கு வரும்போது முதலில் அடிபடுவது அந்தக் கறுப்புதான். விசிடியின் படம் 352-க்கு 288 புள்ளிகள். டிவிடியில் 720-க்கு 576, அதாவது நாலு மடங்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தை ஒரு சிடியில் திணிக்க எதையாவது தூக்கிப்போட வேண்டும். எம்பெக் என்கிற சுருக்கும் முறை, படத்தைச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, வித்தியாசம் குறைவான இடத்தில் சிக்கனம் பிடிக்கும். இருட்டில்தானே வித்தியாசம் குறைவு? பேய் வருவதற்கு முன் சுவரில் சதுரங்கப் பலகை வந்துவிடும்.

டிவிடியில் கட்டங்கள் குறைவு. ஆனால் மாற்றிக் கொடுத்த புண்ணியவான், எல்லாம் தெரியட்டுமே என்று வெளிச்சத்தை ஏற்றிவிட்டார். நடுராத்திரி சாயங்காலம் ஐந்து மணியாகிவிட்டது. அகல டிவிக்குப் பொருந்த மேலும் கீழும் நறுக்கியதில் சிலருக்கு உச்சந்தலை இல்லை (அது மட்டும் கொஞ்சம் பயமாக இருந்தது).

சத்தம் இன்னும் மோசம். பழைய பிலிமின் ஓரத்தில் பதிந்த ஒலியில் ‘ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல் இருக்கும். அதை நீக்குகிறேன் பேர்வழி என்று, வசனமில்லாத இடங்களை அடியோடு ஊமையாக்கியிருந்தார்கள். நிசப்தம் வேறு, ஸ்விட்சை அணைப்பது வேறு சார். காலியான ஒரு பெரிய வீட்டுக்கு ஒரு சத்தம் உண்டு, அதைக் காணோம். அட்டையில் மட்டும் 5.1 என்று போட்டிருந்தது. மோனோ படத்துக்கு!

பழைய படம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லாதீர்கள். 1964-ல் வந்த ‘கர்ணன்’ படத்தை 2012-ல் சுத்தம் செய்து திரையிட்டபோது, தியேட்டரில் 100 நாள் தாண்டி ஓடியது. கறுப்பு வெள்ளை ஆவிக் கதைக்கு யார் செலவழிப்பார்கள் என்பதுதான் தகராறு. அதுவரை அந்தப் பெண்ணைப் பொறுத்தவரை வின்சென்ட், ட்யூப்லைட் போட்டுப் படமெடுத்தவர்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஹால் விளக்கை அணைத்து, டிவியில் பிரைட்னஸைப் பாதிக்குக் குறைத்து, மாளிகைக் காட்சியை மறுபடி போடச் சொன்னேன். தூணுக்குப் பின்னால் கொஞ்சம் இருட்டு திரும்பி வந்தது. பேத்தி ஒன்றும் பேசவில்லை. சோபாவில் பாட்டி பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.